பார் இல்லாத சைக்கிள்

லேடீஸ் சைக்கிள் என்று நாம் சொல்லிப் பழகிய வண்டிக்கும் ஜென்ட்ஸ் சைக்கிளுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு கம்பி. சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரைக்கும் படுக்கையாக ஓடும் அந்தக் கம்பியை எங்கள் பக்கத்தில் ‘பார்’ என்போம். ஆண்கள் வண்டியில் அது இருக்கும். பெண்கள் வண்டியில் இருக்காது, அல்லது கீழே சரிந்து வளைந்திருக்கும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால், பெண்ணுடலின் அளவை யாரோ உட்கார்ந்து கணக்கிட்டு அவளுக்கென்று ஒரு வண்டி செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அவள் உயரத்தையோ தோளின் அகலத்தையோ விரல்களின் நீளத்தையோ யாரும் அளக்கவில்லை. அளந்தது அவள் பாவாடையை.

1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ என்ற வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு, மிதிப்பதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக ஒரு செயின். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். இன்று வரை நாம் ஓட்டுவது இந்த இரண்டின் வாரிசைத்தான். அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண் தரை தொடும் பாவாடை அணிந்திருந்தாள். காலைத் தூக்கிப் போட்டு ஏறினால் கணுக்கால் தெரியும். எனவே பாரை எடுத்தார்கள், செயினுக்கு உறை போட்டார்கள், பின்சக்கரத்தில் துணி சிக்காமல் வலை கட்டினார்கள். ஆனால் ஃபிரேமின் உறுதி அதன் முக்கோணத்தில் இருக்கிறது. முக்கோணத்தின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் மற்ற குழாய்களைத் தடிப்பாக்கித்தான் ஈடுகட்ட வேண்டும். எடை கூடும். மேடு ஏறும்போது ஃபிரேம் நெளிந்து மிதியின் பலத்தில் கொஞ்சத்தைத் தின்னும். மெல்லிய உடம்புக்காரிக்குக் கனமான வண்டி என்ற ஏற்பாடு இப்படித்தான் வந்தது.

இதை உடம்பால் கண்டுபிடித்தவள் ஒருத்தி உண்டு. 1894 ஜூனில் ஆன்னி லண்டன்டெரி என்ற பெயரில், மூன்று குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண், உலகத்தைச் சுற்றிவருவதாகச் சொல்லிப் பாஸ்டன் நகரிலிருந்து கிளம்பினாள். நீளப் பாவாடை, 42 பவுண்டு எடையுள்ள கொலம்பியா பெண்கள் வண்டி; நம் கணக்கில் 19 கிலோ. சிகாகோ போய்ச் சேர்வதற்குள் அந்த வண்டி போதும் போதும் என்றாகிவிட்டது. அங்கே அதைக் கொடுத்துவிட்டு 21 பவுண்டு எடையுள்ள ஸ்டெர்லிங் ஆண்கள் வண்டிக்கு மாறினாள். பார் வைத்த வண்டி. பாவாடை போய் அகலக் காற்சட்டை வந்தது. வண்டியை மாற்றியதால் உடையும் மாறியது. வழக்கமாக நமக்குச் சொல்லப்படும் வரிசை இதற்கு நேரெதிர். பெண்ணுரிமை வரலாறுகளில் சூசன் பி. ஆன்டனி சைக்கிளைப் புகழ்ந்ததைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அந்தப் புகழுரையைவிட இந்த எடைக்கணக்கு பிடித்திருக்கிறது.

நம் ஊருக்குச் சைக்கிள் முதலில் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்தது. பிறகு இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 1949-இல் பர்மிங்காம் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் முருகப்பா குழுமமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின, அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் வந்தது. வடக்கே சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ. கிடைத்த வண்டி பெரும்பாலும் ஒன்றே. கறுப்பு, இரும்பு, 28 அங்குலச் சக்கரம், கியர் கிடையாது, கம்பி பிரேக். கேரியரில் நெல் மூட்டை, இலைக்கட்டு, பால் கேன், வெற்றிலைக் கூடை, சேலை மூட்டை. காவிரிப் பாசனத்து வாழ்க்கையின் பாதிச் சுமையை அது தூக்கியிருக்கிறது.

யாருடைய வண்டி என்பது வேறு கேள்வி. வாட்ச், ரேடியோ, சைக்கிள் என்ற சீர்வரிசைப் பட்டியலை என் அம்மா தலைமுறையில் கேட்டுப் பாருங்கள். பெண்ணைப் பெற்றவர் காசில் வாங்கிய வண்டி, மாப்பிள்ளை ஓட்டுவான். அந்தப் பெண் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து போவாள். பையன்கள் பாருக்குக் கீழே காலை விட்டு, குரங்குப் பெடல் போட்டு, வாடகை வண்டியிலேயே பத்து வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். பாவாடை கட்டிய சிறுமி அந்த முக்கோணத்துக்குள் காலை விட முடியாது. ‘லேடீஸ் வண்டி வரட்டும்’ என்பார்கள். அது வரும்போது அவள் வயதுக்கு வந்திருப்பாள்.

தாராசுரத்தில் பட்டு நெசவு வீடுகளுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், தறியில் ஆண் உட்கார்ந்தால் தார் சுற்றும் வேலை பெரும்பாலும் பெண்ணுக்கு. கைத்தறி ஊர்கள் பலவற்றில் தார் சுற்றும் ராட்டைக்குப் பழைய சைக்கிள் ரிம்மைத்தான் மாட்டியிருப்பார்கள். நாள் முழுக்கச் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றியும் இருந்த இடத்திலிருந்து ஓர் அடி நகராத பெண்கள் அவர்கள். ஐராவதீசுவரர் கோயிலின் தேர் மண்டபத்தில் இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கல் சக்கரத்தைப் படமெடுக்க வருகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை.

இந்தப் பின்னணியில்தான் மணலூர் மணியம்மையை வைத்துப் பார்க்க வேண்டும். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் கைம்பெண்ணாகி, பழைய தஞ்சை ஜில்லாவின் பண்ணையாட்களிடையே செங்கொடிச் சங்கம் கட்டியவர். முடியைக் கிராப் வெட்டிக்கொண்டு, வேட்டி சட்டை போட்டு, சிலம்பம் கற்று, சைக்கிள் ஓட்டினார். ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்ற நாவலை இவர் வாழ்க்கையை வைத்தே எழுதினார். மணியம்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேட்டியையும் கிராப்பையும் வியந்துவிட்டுச் சைக்கிளை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கோ மூன்றும் ஒரே முடிவாகத் தெரிகிறது. சேரிக்குச் சேரி வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் போய்வர வண்டி வேண்டும். பார் வைத்த வண்டிக்குப் புடவை ஒத்துவராது. லேடீஸ் வண்டிக்காக அவர் காத்திருக்கவில்லை.

அவர் போன அதே சேரிகளின் ஆண்களும் சைக்கிள் ஓட்டுவதில் ஒரு தடை இருந்தது. ஊர்த்தெரு வந்தால் தலித் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஏறி உட்கார்ந்து போனால் அடி. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இந்தக் கொடுமை பதிவாகியிருக்கிறது. ஆக, சைக்கிளில் உட்காரும் உயரம் என்பதே சாதி கண்காணித்த ஒன்று. தலித் பெண்ணுக்கு வண்டி கிடைப்பதும் அதில் ஏறி ஊர்த்தெருவைக் கடப்பதும் இரண்டு தனித்தனித் தடைகள்.

தெற்கே, பழைய தஞ்சை மாவட்டத்தின் ஒரு பகுதியையும் திருச்சியின் ஒரு பகுதியையும் பிரித்து 1974-இல் உண்டாக்கிய புதுக்கோட்டை மாவட்டம். பெரும்பகுதிக்கு ஆற்றுப் பாசனம் இல்லாத காய்ந்த பூமி. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகும் பெண் தொண்டர்கள் உட்கிராமங்களுக்கு எப்படிப் போவார்கள் என்ற நடைமுறைக் கேள்வியில் பிறந்ததுதான் சைக்கிள் பயிற்சி. பிறகு சைக்கிள் ஓட்டுவதையே எழுத்தறிவின் ஒரு பாடமாக ஆக்கினார்கள். வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார்கள். பாட்டு எழுதிப் பாடினார்கள். 1992 மார்ச் 8 மகளிர் தினத்தன்று 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அங்கே போய்ப் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளை நீக்கிப் பார்த்தால் மாவட்டத்தின் கிராமப்புறப் பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ஓட்டக் கற்றிருந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்.

கேலி இருந்தது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் ஓட்டினார்கள். சாய்நாத் கவனித்த பொருளாதாரம் முக்கியமானது. விளைந்ததை, செய்ததைப் பக்கத்து ஊரில் விற்கிற பெண் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். பஸ் நிறுத்தம் போகவே அப்பாவோ அண்ணனோ கணவனோ கொண்டுவிட வேண்டும். வண்டி வந்ததும் அந்த நேரமெல்லாம் அவள் கைக்கு வந்தது.

இந்த வரலாற்றில் நான் மாணவிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. அத்தனை பெண்கள் ஒரே நேரத்தில் ஓட்டக் கிளம்பியதால் கடைகளில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஒரு கடையில் ஓராண்டில் அந்த வண்டி விற்பனை 350 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர்களில் சிலர் அதுவே மேல் என்றார்கள். ஏனென்றால் பாரில் ஒரு குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று, சாமான் ஹேண்டிலில். நூறாண்டுகளாகப் பெண்ணின் மானத்துக்காக எடுத்துவைத்த கம்பியை அவர்கள் கேட்டு வாங்கினார்கள், குழந்தைக்கு இடம் வேண்டும் என்பதற்காக. புடவையை எப்படிச் சமாளித்தார்கள் என்று மாணவிகள் கேட்பார்கள். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு களை பறிக்கிறவர்களுக்கு, நாற்று நடுகிறவர்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை.

பிறகு அரசே வண்டி கொடுக்கத் தொடங்கியது. 2001-இல் பதினோராம் வகுப்பு தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் 2005-இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்ன தெரு வழியாக அந்தப் பிள்ளைகள் ஏறிப் போனார்கள் என்பதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது. பீகாரில் 2006-இல் தொடங்கிய திட்டம் வேறு மாதிரி. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு வண்டியைக் கொடுக்காமல் 2000 ரூபாய் கொடுத்தார்கள். அவள் வீட்டார் கடையில் போய் வாங்க வேண்டும். அங்கே உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை கணிசமாக ஏறியதைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து காட்டினார்கள். தமிழ்நாட்டில் பையனுக்குப் பார் வைத்தது, பெண்ணுக்குப் பார் இல்லாதது என்று டெண்டரிலேயே முடிந்துவிட்டது. ஐந்தடி மூன்றங்குலக்காரிக்கும் நாலடி எட்டங்குலக்காரிக்கும் ஒரே அளவு. பத்தில் சில வண்டிகள் மறுவாரமே அப்பாவோடு வேலைக்குப் போயின. 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானிய ஸ்கூட்டர் வந்தது, 2021-இல் நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எல்லாம் வேண்டியவைதான். எல்லாமே அவளை வீட்டிலிருந்து வேலைக்கோ பள்ளிக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பவை.

சும்மா போவதற்கு ஒரு வண்டி வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால் என்ன செய்வது? என் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு கேட்டாள். முதல் வேலை, முதல் ஆறு மாதச் சேமிப்பு. ஹார்ட்டெய்ல் மவுண்டன் பைக் வாங்க வேண்டும், நடுத்தர விலையில். “ஸ்கூட்டி வாங்கிக்கோம்மா, இதுல எங்க போகப்போற?” என்று அப்பா கேட்டிருக்கிறார். அரசலாற்றங்கரையில் என்று சொன்னாளாம். “அங்க என்ன இருக்கு?” என்பது அடுத்த கேள்வி. கடையில் அவளுக்கு முதலில் எடுத்துக் காட்டியது கூடை வைத்த இளஞ்சிவப்பு வண்டி.

மவுண்டன் பைக் என்பது 1970களில் கலிபோர்னியாவின் மரின் மலைச்சரிவில் பழைய கனத்த வண்டிகளை உருட்டிவிட்டு விளையாடியவர்களிடமிருந்து வந்தது. ஜோ பிரீஸ் 1977-இல் அதற்கென்றே ஃபிரேம் செய்தார். அந்தக் கூட்டத்தில் தொடக்கத்திலிருந்தே ஓட்டிய பெண் வெண்டி கிராக். அந்தக் காலத்தின் படங்களில் பெரும்பகுதி அவர் எடுத்தவை. அதனாலேயே படங்களில் அவரைக் குறைவாகப் பார்க்கிறோம். 1985-இல் ஜார்ஜினா டெர்ரி என்ற பொறியாளர், பாவாடையை விட்டுவிட்டுப் பெண்ணின் உடலை அளந்து ஃபிரேம் கட்டும் நிறுவனத்தைத் தொடங்கினார். குள்ளமானவர்களுக்காக முன்சக்கரத்தைச் சிறிதாக்கினார். அதன் பிறகு பெரிய நிறுவனங்கள் ‘பெண்களுக்கானது’ என்று தனி வரிசை போட்டன. சில நேர்மையானவை, பல, ஆண் வண்டிக்கு ஊதா வண்ணம் பூசியவை. 2019 வாக்கில் ஸ்பெஷலைஸ்டு போன்ற நிறுவனங்கள், ஆண் பெண் உடலளவில் உள்ள வேறுபாட்டைவிடப் பெண்ணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு பெரிது என்று சொல்லி அந்தப் பிரிவைக் கைவிடத் தொடங்கின. நாலடி எட்டங்குலக்காரிகள் இதை முன்பே சொல்லியிருப்பார்கள்.

ஹார்ட்டெய்ல் என்றால் முன்னால் மட்டும் ஸ்பிரிங், பின்னால் விறைத்த ஃபிரேம். பின்னாலும் ஸ்பிரிங் உள்ள வண்டி இரண்டு மூன்று மடங்கு விலை; அதன் மூட்டுகளில் நம் வண்டல் சேறு புகுந்தால் சர்வீஸுக்குச் சென்னைக்கு அனுப்ப நேரிடலாம். மலையே இல்லாத சமவெளிக்கு முன் ஸ்பிரிங் போதும். காவிரிக் கரை, அரசலாற்றுக் கரை, கொள்ளிடக் கரை, வாய்க்கால் மேடு எல்லாம் மாட்டுவண்டித் தடமும் டிராக்டர் தடமும் விழுந்து இறுகிய மண்.

இன்றைக்கு ஏறக்குறைய 30,000 முதல் 60,000 ரூபாய்க்குள் இந்த வகை வண்டிகள் கிடைக்கின்றன. அவளுக்கு நான் சொன்னது முன்ஃபோர்க்கைப் பற்றித்தான், அதிகமும். விலை குறைந்தவற்றில் இரும்புச் சுருள் ஸ்பிரிங் இருக்கும். அது ஏறத்தாழ 70, 75 கிலோ ஆணை நினைத்து வைத்த சுருள். 48 கிலோ பெண் உட்கார்ந்தால் அது அமுங்கவே அமுங்காது. குண்டும் குழியும் நேராக மணிக்கட்டுக்கு வரும். ‘எனக்குத் தெம்பில்லை’ என்று அவள் நினைத்துக்கொள்வாள். சற்றுக் கூடுதல் விலையில் ஏர் ஃபோர்க் வரும். அதில் சின்னப் பம்பால் காற்றைக் கூட்டிக் குறைத்துத் தன் எடைக்கு வைத்துக்கொள்ளலாம். நடுத்தர விலையில் பெண்ணுக்குப் பயன்படும் எல்லைக்கோடு எனக்கு அதுதான். கியர் எண்ணிக்கையைச் சொல்லிக் கடைக்காரர் விற்பார். 21, 24 என்று. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பெரிதும் சிறிதுமாய் ஒன்பது பத்து இருந்தால் அதுவே மேல். செயின் கழன்று விழுவது குறையும். நடுவழியில் நின்று கை கறுக்க மாட்டும் வேலை குறையும்.

பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க்காக இருக்க வேண்டும். ஒரு விரலில் பிடித்தால் நிற்கும். பிரேக் கைப்பிடியைச் சின்னக் கைக்கு நெருக்கி வைக்க ஒரு திருகு இருக்கும். கடையில் அதைச் செய்து தரச் சொல்ல வேண்டும், பலர் செய்யாமலே அனுப்பிவிடுகிறார்கள். சீட் இடுப்பெலும்பு அகலத்துக்கு. அளவில் ‘ஸ்மால்’, ‘எக்ஸ்ட்ரா ஸ்மால்’ கடையில் இல்லை, மீடியத்தையே சீட்டைத் தாழ்த்தி ஓட்டிக்கொள்ளுங்கள் என்றால் வாங்காமல் வந்துவிடலாம். வரவழைக்கச் சொல்லலாம். பாரைத் தாண்டி இரண்டு காலும் ஊன்றி நிற்கும்போது தொடைநடுவே இரண்டு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். ஆம், இந்த வண்டியில் பார் இருக்கிறது. பின்பக்கம் சரிந்து தாழ்ந்திருக்கும், ஆனால் இருக்கிறது. சுடிதாரோ பேண்ட்டோ போட்டவள் காலைப் பின்னால் வீசி ஏறுவாள், அவ்வளவுதான்.

டயர் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம். நம் கரைகளின் உண்மையான எதிரி சீமைக்கருவேல முள். டியூப்லெஸ் ஆக்கி உள்ளே அடைக்கும் திரவம் ஊற்றிக்கொண்டால் முள் குத்தினாலும் ஓட்டை தானே மூடிக்கொள்ளும். பஞ்சர் ஒட்ட ஆளில்லாத இடத்தில் பொழுது சாயும்போது தனியாக நிற்கும் நிலையைத் தவிர்க்க அதைவிடச் சிறந்த ஆயுதம் எனக்குத் தெரியவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கரைப்பக்கம் போகவே கூடாது; களி மண் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அப்பிச் சக்கரத்தை நிறுத்திவிடும். தை அறுவடைக்குப் பிறகு, வயலில் உளுந்தும் பயறும் இருக்கும் காலத்திலிருந்து மேட்டூர்த் தண்ணீர் வந்து நடவு தொடங்கும் வரை நல்ல பருவம்.

ஒரு குறை மட்டும் எனக்கு இந்த வண்டிகளோடு தீரவில்லை. பலவற்றில் கேரியர் மாட்டும் துளையே வைப்பதில்லை. விளையாட்டு வண்டிக்குச் சுமை எதற்கு என்பது செய்கிறவரின் எண்ணம். ஓட்டிவிட்டுத் திரும்பும் வழியில் சுவாமிமலைக் கடைத்தெருவில் காய் வாங்காமல் வரும் பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. பின் ஃபோர்க்கில், சக்கர அச்சுக்குப் பக்கத்தில், ஒரு திருகாணி போகும் அளவுக்குத் துளை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு மாடல்களில் இருந்ததாம். அவற்றில் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறாள், ஸ்மால் அளவில். கேரியர் தனியாக, 900 ரூபாய். அப்பா கேரியரைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டார் என்கிறாள். அரிசி மூட்டைக்கு ஆகும் என்று நினைத்திருக்கலாம்.